மஞ்சளாகாத காமாலை: ஹெபடைடிஸ் பி பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்து டவுன் ஒன்றில் இரத்தம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். டொக்டர் இல்லை. ஆனால் ரிப்போட்டை நீட்டுவது நான் என்பதால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும், அதுவும் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில். வரிசை நிற்கும்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

"மிஸ், பாஸிட்டிவ்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?"

நாங்கள் என்ன பார்த்தோம் என்பதிலிருந்து தொடங்கலாம். உங்கள் கையில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். அதில் சில துளிகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையின் குழியில் விடுவோம். கால் மணி நேரத்துக்குள் 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு விழும். அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். 'டி'க்கு நேரேயும் ஒன்று விழுந்தால், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேல்தோல் உங்கள் இரத்தத்தில் இருக்கிறது. மங்கலாக, பென்சிலில் கிழித்தது போல இருந்தாலும் கோடு கோடுதான். இந்த மேல்தோல் புரதத்தைத்தான் எச்.பி.எஸ்.ஏஜி என்று எழுதுகிறோம். 1960களில் பரூக் புளும்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இதைக் கண்டார். அதற்காக 1976இல் நோபல் பரிசும் கிடைத்தது. உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடும் ஜூலை 28 அவருடைய பிறந்த நாள்.

ஒரே அட்டையை வைத்து முடிவு கட்டக்கூடாது. எலைசா போன்ற இன்னொரு முறையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் சோதித்தால், ஊசியில் உள்ள புரதமே கோடாகத் தெரிந்துவிடுவதும் உண்டு. அதனால் அண்மையில் ஊசி போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

"எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்லையே?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தேயிலைத் தோட்டங்களில் காமாலை என்றால் எல்லோருக்கும் கண் முன்னால் வருவது ஒரே படம். மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் கழிவு கலக்கும், லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகும், சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும், வாந்தி, காய்ச்சல், பத்தியம். சில வாரங்களில் சரியாகிவிடும். அது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. தண்ணீரிலும் உணவிலும் வருவது, வந்த வழியே போய்விடுவது. யாழ்ப்பாணத்துப் பக்கம் செங்கமாரி என்பார்கள்.

ஹெபடைடிஸ் பி வேறு ஜாதிக் கிருமி. தண்ணீரில் வராது. இரத்தத்திலும் உடல் திரவங்களிலும் வரும். உள்ளே வந்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சத்தமில்லாமல் இருக்கும். பெரியவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாது. கைக்குழந்தைகளுக்கு அநேகமாக ஒன்றுமே தெரியாது. கண் மஞ்சளாகாததால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு ஆள் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருப்பார். உலக சுகாதார அமைப்பு 2022இல் போட்ட கணக்கில், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் உலகம் முழுவதும் 25 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம். இலங்கை இந்தக் கிருமி குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று. குறைவு என்பதால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு பக்கம்.

"எப்போ, எங்கிருந்து வந்திருக்கும்?"

பல பேருக்குச் சொல்ல முடியாது. வீட்டில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்: கணவன் மனைவியைச் சந்தேகப்படுவது, மனைவி கணவனை. கொஞ்சம் பொறுங்கள்.

கிருமி எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் போக்கு மாறும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் அது உடம்போடு தங்கிவிடும். நன்றாக வளர்ந்த ஆளுக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். மற்றவர்களின் உடம்பு தானே விரட்டிவிடும். ஆகவே முப்பத்தைந்து வயதில் பாஸிட்டிவ் என்று வருகிறவருக்கு அது பிறந்த நாளிலேயே வந்திருக்கலாம். போன வருஷம் யாரோடு பேசினீர்கள் என்று விசாரிப்பதில் பலனில்லை.

பரவும் வழிகளைச் சொன்னால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஆணுறை இல்லாத உடலுறவு. இரத்தம் பட்ட ஊசி, பிளேடு, பச்சை குத்தும் கருவி, கிருமி நீக்காத காதுகுத்து ஊசி. சிறு பிள்ளைகளிடையே சொறி, சிரங்கு, வெட்டுக்காயம் உரசுவது. இலங்கையில் தானமாகக் கிடைக்கும் இரத்தம் முழுவதையும் ஹெபடைடிஸ் பிக்குப் பரிசோதித்த பிறகே ஏற்றுகிறார்கள். கோயில் திருவிழாவில் நடக்கும் இரத்ததான முகாமில் கொடுத்துவிட்டு, பிறகு இரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்து விஷயம் தெரிந்தவர்கள் உண்டு.

"ஒரே காம்பரால ஆறு பேர் இருக்கோம். தட்டு, கோப்பை பிரிக்கணுமா?"

வேண்டாம். சேர்ந்து சாப்பிடலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே பாயில் பிள்ளையைப் போட்டுத் தூங்கலாம். இருமல், தும்மல், பொதுக் கக்கூஸ், பீலிக்கரை எதிலும் பரவாது. சமையல் செய்யலாம். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் விட வேண்டாம்.

ஒரு முறை ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது பார்த்தேன். வாசல் தூணில் ஓர் ஆணி, அதில் ஒரு டின் கோப்பை. மற்றக் கோப்பைகள் எல்லாம் உள்ளே தட்டில் கவிழ்த்திருந்தன. ரிப்போட் வந்த அன்றைக்கு அந்த அக்காவே எடுத்து மாட்டியதாம், யாரும் சொல்லவில்லையாம். "பிள்ளைகளுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதில்ல" என்றார். நான் அந்தக் கோப்பையைக் கழற்றி அதிலேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். தனிக் கோப்பை வைத்த கதை நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. அதை நாமே நமக்குச் செய்துகொள்ள வேண்டுமா?

பிரிக்க வேண்டியவை வேறு: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, காதணி. பல் ஈறில் இரத்தம் வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பிரஷ். அப்புறம் முக்கியமானது, வீட்டில் உள்ள மற்ற எல்லோரையும் ஒருமுறை சோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுவது. அது முடிந்தால் மற்றக் கவலை பாதி போய்விடும்.

"அட்டை கடிச்சா வருமா?"

நான் மேலே சொன்ன பிளாஸ்டிக் அட்டை இல்லை, மலையில் காலில் ஏறுகிற அட்டை! நியாயமான சந்தேகம்தான், இரத்தம் குடிக்கிற ஜீவனாயிற்றே. பரவும் வழிகளில் கொசுவும் இல்லை, அட்டையும் இல்லை. கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஒழுகினால் கழுவித் துணி கட்டுங்கள், போதும்.

"சலூன்லயும் கவ்வாத்துக் கத்தியிலயும்?"

இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். எய்ட்ஸ் கிருமியைவிட 50 முதல் 100 மடங்கு சுலபமாகத் தொற்றக்கூடியது. அதனால் சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாட்டுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். பாதியாக உடைத்து மாட்டும் அந்தச் சத்தம் கேட்காவிட்டால், "அண்ணே, புதுசு போடுங்க" என்று சொல்வதில் தப்பில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கையைக் கிழித்துக்கொள்வது சகஜம். இரத்தம் பட்ட கத்தியை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டுப் பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிஷம் ஊற வைத்து, திரும்பக் கழுவித் துடையுங்கள். தரையில் சிந்திய இரத்தத்துக்கும் இதுதான். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளட்டும்.

"ரிப்போட்டில் இன்னும் என்னென்னவோ எழுதியிருக்கு"

எச்.பி.எஸ்.ஏஜி ஆறு மாதத்துக்கு மேலும் பாஸிட்டிவாகவே இருந்தால் அது நாட்பட்டது. ஆன்டி எச்.பி.எஸ் என்றால் உங்கள் உடம்பு கட்டிய வேலி. அது 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. இந்த ஒரு பாஸிட்டிவ் மட்டும் நல்ல பாஸிட்டிவ். அதைப் பார்த்து அழுத ஒருவரை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆன்டி எச்.பி.சி என்றால் கிருமி எப்போதாவது உள்ளே வந்து போயிருக்கிறது அல்லது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தடுப்பூசியால் மட்டும் இது வராது. எச்.பி.ஈ.ஏஜி பாஸிட்டிவ் என்றால் பெரும்பாலும் கிருமி மும்முரமாகப் பெருகுகிறது, மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் அதிகம். டி.என்.ஏ. சோதனை கிருமியின் எண்ணிக்கையைச் சொல்லும். எஸ்.ஜி.பி.டி. ஈரலுக்கு அடிபடுகிறதா என்று காட்டும்.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் கதை புரியும். ஒரு தாளை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது என்ன" என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

"வெளிநாட்டு மெடிக்கல்ல அன்ஃபிட் பண்ணிட்டாங்க"

மலையகத்தில் இந்த நோய் வெளிச்சத்துக்கு வரும் பெரிய வாசல் இதுதான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏஜி பார்க்கிறார்கள், பாஸிட்டிவ் என்றால் அன்ஃபிட். சேலை, பெட்டி எல்லாம் வாங்கி, நகையை அடகு வைத்த பிறகு இந்தச் செய்தி வரும். ஏஜென்சிக்காரர் "இரத்தத்துல கிருமி இருக்காம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எந்தக் கிருமி, அடுத்து என்ன செய்ய வேண்டும், ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த 'கிருமி' எய்ட்ஸ் ஆகிவிடும். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த மெடிக்கல் தாளைக் கேட்டு வாங்குவது. அது உங்களுடையது. அதை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி மெடிக்கல் கிளினிக்குக்குப் போங்கள். காசு கொடுத்தால் ஊசி போட்டு நெகட்டிவ் ஆக்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு மாதத்தில் நாட்பட்ட தொற்றைத் துடைத்தெடுக்கும் ஊசி கிடையாது. இன்னொருவர் இரத்தத்தைக் கொடுத்து மெடிக்கல் பாஸ் பண்ணுவது அதைவிட மோசம். அங்கே போய் மறுபடி சோதிக்கும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடன் மட்டும் மிஞ்சும்.

"வயித்துல பிள்ளை இருக்கு. எனக்கு பாஸிட்டிவ்"

பிள்ளையைக் காப்பாற்ற நல்ல வழி இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம். பிறந்த 24 மணி நேரத்துக்குள், 12 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது, பிள்ளைக்கு ஒரு தொடையில் தடுப்பூசியும் மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட வேண்டும். இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் எடுத்த கைக்குக் கிடைக்காது. அதனால் மிட்வைஃப் மிஸ்ஸிடமும் கிளினிக் டொக்டரிடமும் முன்கூட்டியே சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று தீர்மானித்து, கர்ப்பிணிப் பதிவேட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பாதை மண்சரிவில் அடைபடும் தோட்டமாக இருந்தால் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடுவது நல்லது.

தாயின் இரத்தத்தில் கிருமி எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை, இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். மற்றத் தடுப்பூசிகளையும் நேரத்துக்குப் போட்டு, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்தால் தப்பித்ததா என்று தெரிந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தத்தில் இதுவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரத்தம் எடுத்தார்கள் என்பதற்காக எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

"பிள்ளைகளுக்கு ஊசி போட்டாச்சே. எங்களுக்கு?"

இலங்கையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் இதுவும் இருக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து மூன்று தேதியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசி 2003இல்தான் வந்தது என்பதால் இப்போது வீட்டில் உழைத்துப் போடுகிற வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஊசி போடாத தலைமுறை.

பெரியவர்களுக்கும் மூன்று ஊசி: இன்றைக்கு ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இடைவெளி கூடிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். வீட்டில் பாஸிட்டிவ் ஆள் இருந்தால் கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்.பி.எஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால்? காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

"கல்யாணம் பேசியிருக்காங்க. சொல்லணுமா?"

சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சோதித்து, மூன்று ஊசி போட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்று தெரியும்வரை ஆணுறை பாவித்தால் குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம். சீனி வருத்தம் உள்ளவரைக் கட்டிக்கொள்கிறோம், இதையும் அப்படிப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேருமாக டொக்டரைப் பார்க்கப் போங்கள். அவர் சொன்னால் எடுபடும்.

"மருந்து இருக்கா? சாகும்வரை குடிக்கணுமா?"

பாஸிட்டிவ் வந்த எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. கிருமி எண்ணிக்கை, எஸ்.ஜி.பி.டி., ஈரல் இறுகியிருக்கிறதா, வயது, குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் இருந்ததா என்று பார்த்துத் தீர்மானிப்பார்கள். கொடுத்தால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. கிருமியை முழுதாகத் துடைக்காது, அடக்கி வைக்கும். ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் ஆபத்தை நன்றாகக் குறைக்கும். பெரும்பாலும் பல ஆண்டுகள் குடிக்க வேண்டியிருக்கும்.

டெனோஃபோவிர் என்று போனில் தேடினால் எய்ட்ஸ் மருந்து என்று வரும். பயப்படாதீர்கள். ஒரே மாத்திரை இரண்டு கிருமிக்கும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அடங்கிக் கிடந்த கிருமி ஒரேயடியாகக் கிளம்பி ஈரலைத் தாக்கும். மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போகிற நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மருந்து தேவையில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். "மருந்து தரல, அப்போ ஒண்ணுமில்ல" என்று போய்விட்டு, பத்து வருஷம் கழித்து வயிற்றில் தண்ணீர் கட்டி வருகிறார்கள்.

"கீழாநெல்லி?"

சிங்களத்தில் பிட்டவக்கா. லயத்து ஓரத்திலேயே முளைத்துக் கிடக்கும். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது: 1988இல் சென்னை ஆய்வாளர்கள் இதன் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்திலிருந்து அந்த மேல்தோல் புரதம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். புளும்பர்க்கும் அதில் ஒருவர். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. இன்றைய நிலையில் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது.

ஏ வகைக் காமாலையில் மூலிகை குடித்தவரும் குணமாவார், மந்திரித்துத் தண்ணீர் தெளித்தவரும் குணமாவார், ஒன்றும் செய்யாதவரும் குணமாவார். பெயர் வாங்குவது மட்டும் வைத்தியர்.

"கொஞ்சமா குடிக்கலாமா?"

வேண்டாம். சாராயமும் கிருமியும் ஒரே ஈரலைத்தான் தின்கின்றன. கள்ளச் சாராயமான கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பனடோல் எடுப்பதென்றால் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் தொடக்கூடாது என்பதெல்லாம் பொதுவாகத் தேவையில்லை. ஈரல் சுருங்கி வயிறு வீங்கியவர்களுக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

"எப்போ உடனே ஓடணும்?"

கண் மஞ்சளானவருக்குப் பேச்சுத் தடுமாறினால், பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பினால், இரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்துப் போனால், வயிறு வீங்கினால். விடியும்வரை காத்திருக்காதீர்கள். தோட்டத்து லொறியோ ஆட்டோவோ கிடைத்ததில் ஏற்றுங்கள்.

"எங்கே போறது?"

முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி. ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்து தேவைப்பட்டால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். ஊவாப் பக்கம் பதுளை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், அது தெரியும். கிளினிக் அட்டையைக் காட்டி முதல் நாளே தோட்டத்தில் வேலை வாங்கும் ஐயாவிடம் சொல்லி வையுங்கள். என்ன நோய் என்று அவரிடம் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, "கிளினிக்" என்றால் போதும்.

பழைய ரிப்போட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டு போங்கள். சட்டைப் பையில் எட்டாக மடித்து, வியர்வையில் நனைந்து, கிருமி எண்ணிக்கை இருந்த வரி மட்டும் மடிப்பில் கிழிந்துபோன தாள்கள் என் மேசைக்கு வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன.